‘வில்’ சொன்னவர் டீ போட வேண்டும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலமாக இருக்கக்கூடும். அங்கே தாங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இருப்பீர்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. இந்த இரண்டு வரிகளைப் படித்ததுமே, ‘இவனுக்கு என்ன வந்தது’ என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படிப்பீர்கள். கண்ணாடியில் கோளாறு இல்லை அத்தான். கோளாறு எனக்குத்தான். அதை விளக்கத்தான் இத்தனை தாள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. காலமெல்லாம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் தாங்கள். போனில் சொல்வதெல்லாம் காற்றோடு போய்விடும், எதுவானாலும் எழுத்தில் கொடு என்பது தங்கள் கொள்கை. என் கல்யாணத்துக்குச் சம்மதம் என்பதைக்கூடத் தாங்கள் எழுத்தில்தான் கொடுத்தீர்கள். அதை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறாள், யாரைக் குறை சொல்வது என்று ஒரு ஆதாரம் வேண்டுமாம். அது கிடக்கட்டும். தாங்கள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘உன் அக்காவுக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. தம்பி வந்து பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறாள். வருவாயா, மாட்டாயா? ஒரே வார்த்தையில் பதில் போடு.’ இதில் என்ன கஷ்டம் என்று தாங்கள் கேட்கலாம். நியாயம். தங்களால் ஆஸ்பத்திரிக்குள் போக முடியாது என்பது நம் குடும்பம் அறிந்ததே. போன முறை அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் மருந்து வாசனை மூக்கில் பட்டதும் தாங்கள் சாய்ந்து, தங்களுக்குப் பக்கத்துக் கட்டில் கொடுத்து, நோயாளியான அக்கா எழுந்து வந்து தங்களுக்கு விசிறிவிட்டாள். வேறு எதற்கும் பயப்படாத அக்கா, கண்ணுக்குப் பக்கத்தில் கத்தி வரும் என்றதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டாள் என்பதும் தெரிகிறது. நான் வராவிட்டால் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாம் தெரிகிறது. ஆனால் அந்த ஒரே ஒரு வார்த்தைதான் என்னிடம் இல்லை. ஆபீசில் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள்.

நான் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் என் காது சூடாகும். பிழைப்பு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் பிரிவில் பக்கத்து மேசைக்காரி ஒரு காரியம் செய்துவிட்டாள். வீடு மாற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் போன் செய்து லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்க, இவள் இங்கிலீஷில், ‘தி லிஃப்ட் வில் பி வொர்க்கிங் திஸ் ஈவ்னிங்’ என்று சொல்லிவிட்டாள். நல்ல மனசு. மதியம் சாப்பிட்ட தெம்பு. அவர்கள் அதை நம்பி ஒரு பெரிய பீரோவை லாரியிலிருந்து இறக்கி, லாரியையும் அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை, அடுத்த நாளும் வேலை செய்யவில்லை. பீரோ கீழ்த்தளத்திலேயே குடியேறிவிட்டது. முதலில் ஆளாளுக்கு அதன் மேல் குடையை வைத்தார்கள். பிறகு வாட்ச்மேன் தன் சட்டையை உள்ளே மாட்டினார். கடைசியில் தபால்காரர் எல்லா வீட்டுத் தபாலையும் அதில் போட ஆரம்பித்ததும், பீரோவின் சொந்தக்காரர் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில், ‘உங்கள் ஆள் வில் என்று சொன்னார்’ என்பதை மட்டும் மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். எங்கள் மேலாளர் நல்ல மனிதர் அத்தான். கெட்ட மனிதராக இருந்தால் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவர் நல்லவர், அதனால் அந்த வசதியும் இல்லை. அவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் இந்தப் பிரிவில் யாரும் ‘வில்’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது, போன் பேச்சு எல்லாம் பதிவாகிறது, அந்தச் சொல் பதிவானால் கம்பெனி மாட்டிக்கொள்ளும் என்றார். யாராவது வாய் தவறிச் சொன்னால்? தண்டனை கொடுக்க மனசு வரவில்லை அவருக்கு. சொன்னவர் அன்றைக்குப் பிரிவில் இருக்கிற எல்லோருக்கும் தன் கையால் டீ போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார். இதில் பதவி பார்ப்பது கிடையாது, மேலாளரே சொன்னாலும் மேலாளரே போட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். சிரித்தவர்களில் அதிகமாக டீ போட்டவன் நான்தான். எங்கள் ஆபீஸ் சமையலறைத் தொட்டியில் எந்தக் கப்பின் காது உடைந்திருக்கிறது என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

அதோடு விட்டாரா? ‘வில்’ இல்லாமல் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுக்க ஒரு டீச்சரம்மாவை ஏற்பாடு செய்தார். சனிக்கிழமைதோறும் வகுப்பு. வழுக்கையும் தொப்பையுமாக ஐம்பதைத் தாண்டியவன் நான், சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மா பலகையில் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்று வரிசையாக எழுதினார். இவை தனியாக நிற்காத சொற்கள், இன்னொரு வினைச்சொல்லின் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் நடக்கும் என்றார். எனக்கு உடனே அவற்றின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. நானும் அப்படித்தானே.

முதலில் ‘குட்’. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, ‘குட் யூ ஓப்பன் தி விண்டோ?’ என்று கேட்டார். என்னால் முடியுமா என்று கேட்கிறார், ஜன்னலைப் பார்த்தேன், கொக்கி துருப்பிடிக்கவில்லை, ‘எஸ், ஐ குட்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வகுப்பே புழுங்கியது. பிறகுதான் விளக்கினார்: அது கேள்வி இல்லையாம், வேலையாம். இங்கிலீஷ்காரர் வேலை சொல்லும்போது கேள்விக்குள் பொட்டலம் கட்டித்தான் கொடுப்பாராம். அடுத்து ‘மே’யும் ‘மைட்’டும். மழை ‘மே’ வரும் என்றால் குடையை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘மைட்’ வரும் என்றால் குடை எங்கே இருக்கிறது என்று யோசித்தால் போதும். ‘ஷுட்’ என்பது புத்திமதி, டாக்டரைப் பார் என்கிற மாதிரி. அதுவே எதிர்பார்ப்புக்கும் வரும். பஸ் இந்நேரம் ‘ஷுட்’ வந்திருக்கும் என்பார்கள். கவனித்துப் பாருங்கள் அத்தான், பஸ் வந்துவிட்டால் யாரும் அதைச் சொல்வதில்லை. வராத பஸ்ஸுக்குத்தான் ‘ஷுட்’. ‘வுட்’ என்பது உபசாரம். வுட் யூ லைக் சம் டீ என்று கேட்டால் ஆசையாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம், சில வீடுகளில் கிளம்பு என்று அர்த்தம். ‘ஐ வுட் இஃப் ஐ குட்’ என்பது தலையணை வைத்து அடிப்பது; அடியும் விழும், வலியும் தெரியாது. 

‘மஸ்ட்’டில்தான் எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. அது கட்டாயத்தைச் சொல்லும் சொல் என்று அவர் சொல்லி முடித்திருந்தார். உடனே என் முகத்தை உற்றுப் பார்த்து, ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ‘மேடம், நான் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கேன், இதுக்குக் கட்டளை வேறயா?’ என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்து சிரித்தாள். டீச்சரம்மா பொறுமையாக, அது கட்டளை இல்லை, பார்த்தாலே தெரிகிறது என்று பொருள் என்றார். எனக்கு அதுதான் இன்னும் வருத்தம். ‘ஷல்’ மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, ஏனென்றால் அவர் அதை ‘ஷல் வி ஸ்டாப் ஹியர்?’ என்று வகுப்பு முடிக்கத்தான் சொல்வார். கடைசியில் ‘வில்’லுக்கு வந்தார். வாயைத் திறந்தார். வாசலருகே நின்றிருந்த மேலாளர் இருமினார். டீச்சரம்மா திரும்பி அந்தச் சொல்லை அழித்துவிட்டார். பலகையில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்து தெரிந்தது.

நமக்கு இதெல்லாம் புதுசா என்று தாங்கள் கேட்பீர்கள். ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையைச் சமாளித்தவர்கள் நாம். கடன் கேட்டால் பார்க்கலாம், பெண் கேட்டால் பார்க்கலாம், வாடகையைக் குறைக்கச் சொன்னால் பார்க்கலாம். ஆனால் நாம் பார்க்கலாம் என்றால் கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிந்துவிடுவோம். இங்கிலீஷில் அந்தப் பார்க்கலாமை ஒன்பதாக வெட்டி, எந்தத் துண்டை யாருக்குக் கொடுப்பது என்று நாள் முழுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. அதிலே ஆள் தேய்ந்துபோகிறான். வீட்டுக்கு வந்தாலும் அது விடவில்லை. ஒரு நாள் என் மனைவி சமையலறையிலிருந்து, ‘என்னங்க, சாப்பிட வர்றீங்களா?’ என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, ‘வரக்கூடும்’ என்று சொல்லிவிட்டேன். அவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

‘என்ன சொன்னீங்க?’

‘வருவதற்கு வாய்ப்பு இருக்கு.’

‘அப்படியா? சாப்பாடும் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம். குப்பைக் கூடை வாசல்ல இருக்கு, குட் யூ கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தா, தட்டுல ஏதாவது விழறதுக்கு வாய்ப்பு இருக்கு.’

வகுப்புக்கே போகாமல் அவளுக்கு ‘குட்’ எவ்வளவு சரியாக வருகிறது என்று வியந்துகொண்டே குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன்.

இந்த நிலைமையில்தான் தங்கள் கடிதம் வந்தது. மறுநாளே மேலாளர் அறைக்குப் போனேன். அக்காவுக்கு ஆபரேஷன், ஒரு வாரம் லீவு வேண்டும் என்று விவரம் சொல்லி, டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே, ‘மே ஐ டேக் லீவ், சார்?’ என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. ‘யூ மே’ என்றார். எனக்கு உயிர் வந்தது. கதவு வரை வந்துவிட்டேன். ‘ஆனா, ஐ மைட் நீட் யூ’ என்றார். திரும்பி நின்றேன். ‘யூ ஷுட் பி ஏபிள் டு கோ’ என்றார். வராத பஸ் ஞாபகத்துக்கு வந்தது. ‘சார், போகலாமா கூடாதா?’ என்று நேரடியாகக் கேட்டேன். அந்த மனிதர் தவித்தார் அத்தான். நெற்றியைத் தேய்த்தார். உண்மையாகவே அவருக்குக் கொடுக்கத்தான் ஆசை. ஆனால் பீரோ விவகாரத்துக்குப் பிறகு அவருக்கும் அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. ‘ஐ வுட் சே எஸ், இஃப் ஐ குட்’ என்றார் கடைசியில். தலையணை. வெளியே வந்தால் பக்கத்து மேசைக்காரி, ‘என்ன சார், லீவு கிடைச்சுதா?’ என்றாள். ‘கிடைச்சிருக்கலாம்’ என்றேன். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

இதற்கு நடுவே ஒரு தையல்கார அம்மாள். அவர் ஒரு பழைய கட்டடத்தில் ஆறாம் மாடியில் குடியிருந்து, வீட்டிலேயே துணி தைப்பவர். முழங்காலில் நோவு, படி இறங்க முடியாது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்று பல நாளாயிற்று. அவர் தினமும் காலையில் எனக்குப் போன் செய்வார். அவருக்கும் தாய்மொழி தமிழ்தான், எனக்கும் தமிழ்தான். ஆனால் பதிவாகிற பேச்சு இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவர் தமிழில் கேட்பார், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். கேட்கிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும்.

‘தம்பி, இன்னைக்காவது ஆள் வருவாங்களா?’

‘மேடம், எ டெக்னீஷியன் ஷுட் பி வித் யூ ஷார்ட்லி.’

‘இதையேதான் நேத்தும் சொன்னே. அந்த ஷார்ட்லிக்கு எத்தனை முழம்னு சொல்லு, நான் அளவு எடுத்துக்கறேன்.’

‘ஹி மைட் பி டிலேட், மேடம்.’

‘தைச்ச துணியைக் கூடையில வச்சுக் கயிறு கட்டிக் கீழே இறக்கிட்டு இருக்கேன் தம்பி. நேத்து ஒரு பாவாடை நாலாம் மாடி ஜன்னல் கம்பியில மாட்டிக்கிச்சு. அந்த வீட்டு ஆம்பளை, இது யாரோடதுன்னு அவர் பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறார். சரி, துணியை இறக்கிடலாம். அளவு எடுக்க மனுஷாளைக் கூடையில ஏத்த முடியுமா? ஒருத்தரும் படி ஏறி வர மாட்டேங்கறாங்க. என் பிழைப்பு என்ன ஆகறது?’

இப்படி ஒவ்வொரு நாளும். நான் மெக்கானிக்கைக் கேட்பேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, ‘பார்க்கலாம் சார்’ என்பார். அந்தப் பார்க்கலாம் எனக்குப் புரியும். அதை நான் இங்கிலீஷில் ஒரு துண்டு வெட்டி அந்த அம்மாளுக்கு அனுப்புவேன். இப்படியே போயிருக்கும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் கோபமே படாமல், ரொம்பக் களைத்த குரலில், ‘தம்பி, வருவாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லிடு. வர மாட்டாங்கன்னாலும் பரவாயில்லை. தெரிஞ்சா நான் வேற வழி பார்த்துக்குவேன்’ என்றார். என் மேசையில் தங்கள் கடிதம் பிரித்தபடி கிடந்தது. ஒரே வார்த்தையில் பதில் போடு என்று தங்கள் கையெழுத்து. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. ‘தே வில் கம் டுடே. ஐ வில் ப்ரிங் தெம் மைசெல்ஃப்’ என்று கத்திவிட்டேன். பிரிவே திரும்பிப் பார்த்தது. பிறகு பக்கத்து மேசைக்காரி மெதுவாகச் சொன்னாள்: ‘சார், ரெண்டு தடவை சொன்னீங்க. அப்ப டீயோட பிஸ்கெட்டும்.’

டீ போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்கின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டேன், விட்டால் ஓடிவிடுவார் என்று. ‘பார்க்கலாம் சார்’ என்றார். ‘பார்க்கவே வேண்டாம், வாங்க’ என்று அவர் பையையும் நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆறு மாடி அத்தான். அந்தப் பைக்குள் மனுஷன் லிஃப்டையே வைத்திருப்பார் போலிருக்கிறது. ஏறி முடித்தபோது நான் பேசுகிற நிலைமையில் இல்லை. தையல்கார அம்மாள் வாசலில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, ‘போன்ல கேட்டா நீ ஒல்லியா இருப்பேன்னு நினைச்சேன்’ என்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

மெக்கானிக் மேல்தளத்து மோட்டார் அறைக்குப் போய் எதையோ தட்டினார், எதையோ திட்டினார். லிஃப்ட் உயிர் பெற்று ஆறாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்தது. ‘சார், நீங்க உள்ளே ஏறி ஒரு தடவை கீழே போய்ட்டு வாங்க, சோதிச்சுப் பார்த்துடலாம்’ என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். வெற்றி வீரனாக ஏறினேன். அந்த அம்மாளைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டியதாக ஞாபகம். கதவு மூடிக்கொண்டது. ஆறு, ஐந்து, நாலு. அதற்குப் பிறகு ஒரு உதறல். நின்றுவிட்டது. விளக்கும் போயிற்று. மேலே இருந்தவர், மோட்டாருக்கு ஏதோ பாகம் வாங்க வேண்டும் என்று படிவழியாகக் கடைக்குக் கிளம்பிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அந்த இருட்டில் தடவி அவசர மணியை அழுத்தினேன். அவசர மணி எங்கே போய் அடிக்கும் தெரியுமா அத்தான்? என் மேசையில் அடிக்கும்.

பக்கத்து மேசைக்காரிதான் எடுத்தாள், லிஃப்ட் ஸ்பீக்கரில் அவள் பேச்சு வந்தது. நல்ல பயிற்சி பெற்ற குரல். ‘குட் மார்னிங். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?’

‘அம்மா, நான்தான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்.’

‘சார், பதிவாகுது, இங்கிலீஷ்ல பேசுங்க.’ பிறகு அதே தேன் குரலில், ‘ஐ அண்டர்ஸ்டாண்ட், சார். யூ மஸ்ட் பி வொரீட்.’

‘ஆமா, வொரீட்தான். அந்த ஆளைக் கூப்பிட்டு என்னை வெளியே எடுக்கச் சொல்லு.’

‘எ டெக்னீஷியன் ஷுட் பி வித் யூ ஷார்ட்லி.’

அத்தான், அது என் வாக்கியம். அட்சரம் பிசகாமல் என் வாக்கியம். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ‘ஷார்ட்லி’யில் குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். தாழ்த்தினாள். அந்த வாக்கியத்துக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அதில் காற்றே இல்லை. ‘வருவாரா, மாட்டாரா?’ என்று கத்தினேன். ‘ஹி மைட் பி டிலேட், சார்’ என்றாள். ‘வில் ஹி கம் ஆர் நாட்?’ என்று உயிர் போகிற மாதிரி கத்தினேன். பிறகு ரகசியமாக, தமிழில்: ‘சார், மறுபடியும் சொல்லிட்டீங்க. வந்து டீ போடணும்.’

மேலே, ஆறாம் மாடிக் கதவுப் பக்கத்திலிருந்து தையல்கார அம்மாளின் குரல் கேட்டது. ‘தம்பி, உள்ளே இருக்கியா?’ என்றார். வேறு எங்கே போவேன். ‘ஆள் கடைக்குப் போயிருக்கான். வந்துடுவான். அவன் வர்ற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன். பயப்படாதே’ என்றார். அந்த ‘வந்துடுவான்’ இருக்கிறதே அத்தான், அதற்குக் கம்பெனிப் பயிற்சி எதுவும் கிடையாது. அந்த அம்மாளுக்கு மெக்கானிக் யார், எந்தக் கடை, பாகம் கிடைக்குமா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னார். நான் இருட்டில் உட்கார்ந்துகொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. மெக்கானிக் வந்தார். லிஃப்ட் நகர்ந்தது. அன்றைக்கு மாலையே அந்த அம்மாள் லிஃப்டில் இறங்கி, நாலாம் மாடிக்குப் போய்ப் பாவாடை விஷயத்தைத் தெளிவுபடுத்தியதாகக் கேள்வி. அந்த வீட்டு ஆம்பளை கையெடுத்துக் கும்பிட்டாராம்.

ஆபீசுக்குத் திரும்பினால் மேலாளர் காத்திருந்தார். திட்டவில்லை. திட்டவே மாட்டார். ‘யூ குட் ஹேவ் இன்ஃபார்ம்ட் மீ’ என்றார். ‘யூ ஷுட் நாட் ஹேவ் ப்ராமிஸ்ட்’ என்றார். நடந்து முடிந்ததற்கு இப்படி ‘ஹேவ்’ சேர்த்துச் சொல்வார்கள் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார்; செய்திருக்கலாம், செய்திருக்கக் கூடாது, செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. மனுஷன் வயசாக ஆக இந்த ‘ஹேவ்’ எல்லா வாக்கியத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசியில், நான் ரொம்ப நேரம் மேசையில் இல்லாததால் புகார்கள் குவிந்துவிட்டன, இந்தச் சமயத்தில் லீவு ‘மைட் பி டிஃபிகல்ட்’ என்றார். டிஃபிகல்ட் என்று அடித்துச் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

ஆகவே அத்தான், தங்கள் ஒரே வார்த்தைக் கேள்விக்கு என் பதில் கீழ்க்கண்டவாறு: நான் வர வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. வர முடியக்கூடும். வராமல் போகவும் இடமுண்டு. வந்திருக்கலாமே என்று பிறகு வருத்தப்படுவேன் என்பது மட்டும் இப்போதே உறுதி. என்னை நம்பி இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாளை அக்காவோடு போகச் சொல்லி இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயாடிதான், ஆனால் கை கெட்டியான கை. அக்காவிடம் என் நிலைமையைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். தம்பி கோழை என்று அவள் சொன்னால் மறுக்க வேண்டாம், அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

அக்காவுக்கு என் அன்பும், தங்களுக்கு என் நமஸ்காரமும். பெரியவர்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு என்றும் இருக்க வேண்டும். இந்த ‘வேண்டும்’ கட்டளை அல்ல, ஆசை.

இப்படிக்கு,
எதற்கும் உறுதி சொல்ல முடியாத,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. கிழித்துப் போட்டுவிடலாம். கடிதத்தை மடித்து உறையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவே போன் செய்தாள். தாங்கள் மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ததாகச் சொன்னாள். ‘டேய், வர்றியா?’ என்றாள். ‘வர்றேன்’ என்றேன். ‘சரி’ என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த வார்த்தை எங்கே ஒளிந்திருந்தது என்று. என் மனைவி பெட்டியை எடுத்து வைத்து, ‘எனக்குத் தெரியும்’ என்றாள். மறுநாள் காலையில் மேலாளர் அறைக்குள் போய், ‘சார், ஐ வில் நாட் பி ஹியர் நெக்ஸ்ட் வீக்’ என்றேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னேன், பிரிவு முழுக்கக் கேட்டது. அவர் பயந்துபோய் நாற்காலியிலிருந்து எழுந்து, ‘பட் யூ வில் கம் பேக்? யூ வில், வோண்ட் யூ?’ என்றார். பக்கத்து மேசைக்காரி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். மேலாளர் எங்களைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார். டீ கேவலமாக இருந்தது. எல்லோரும் ரெண்டாவது கப்பும் வாங்கிக் குடித்தோம். அந்த டீயோடு லீவும் கிடைத்துவிட்டது, கையெழுத்துப் போட்டு. எழுத்தில், அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்குத் தாங்கள் வர வேண்டாம். அக்கா கையை நான் பிடித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தாங்களும் வரலாம். வாசலுக்கு வெளியே, மருந்து வாசனை எட்டாத தூரத்தில், மரத்தடியில் ஒரு பெஞ்சு இருக்கிறதாம், அக்கா சொன்னாள். அதில் தாங்கள் உட்காரலாம். இது அனுமதி.